உனக்கு அங்கே யாரைத் தெரியும்?

கும்பகோணம் அரசுக் கல்லூரி உ.வே.சாமிநாதையருக்கு வேலை கொடுத்தது; ராமானுஜனின் உதவித்தொகையைப் பறித்தது. இரண்டு கதையிலும் ஒருவருக்காக இன்னொருவர் போய் நின்றார். இன்று டெல்டாவின் கலைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்காகப் போய் நிற்பவர் யார்?

1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறப் போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர். படிப்பு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். தன் இடத்துக்கு யார் வரவேண்டும் என்பதை அவர் மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். அதே மகாவித்துவானிடம் தனக்குப் பிற்பாடு படித்த ஓர் இளைஞர் திருவாவடுதுறை மடத்தில் இருந்தார். 25 வயது. ஆங்கிலப் படிப்போ பட்டமோ கிடையாது. பெயர் சாமிநாதையர், பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்துக்காரர்.

செட்டியார் சும்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் தானே போய்ச் சொன்னார். மடத்தின் ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகருக்குத் தம் வித்துவானை அனுப்ப மனமே இல்லை. அவரையும் இசைய வைத்தார். மாணவர்கள் முன்னால் பாடம் சொல்லிக் காட்ட வைத்து, இளைஞரின் தரம் எல்லோருக்கும் தெரியும்படி செய்தார். மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போகும்வரை உ.வே.சா. அங்கேதான் இருந்தார்.

அந்த 23 ஆண்டுகளில் தமிழுக்கு நடந்தது ஊரறிந்த கதை. வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டு, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ.வே.சா. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று தாம் படித்ததையெல்லாம் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியின் பலன் 1887-இல் அச்சில் வந்த சீவக சிந்தாமணி. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. எல்லாம் கும்பகோணம் கல்லூரிச் சம்பளத்தில், கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்கு ஓடிப்போய் ப்ரூஃப் பார்த்து வெளிவந்தவை. செலவுக்கு முதலியாரும் நண்பர்களும் ஊர் ஊராகக் கையொப்பம் சேர்த்தார்கள்.

அதே 1880-களில் அதே ஊரில் இன்னொரு பதிப்பாசிரியர் வக்கீலாக இருந்தார்: யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். கலித்தொகையையும் சூளாமணியையும் அச்சுக்குக் கொண்டுவந்தவர். சங்க இலக்கியத்தின் மறுபிறப்பில் பாதி, காவிரிக் கரையிலிருந்த இந்தச் சிறு நகரத்தில் நடந்தது. அதற்கு வழிவிட்டது, ஒரு கல்லூரி வாத்தியார் தம் வேலையைச் சரியான கையில் ஒப்படைத்ததுதான்.

டெல்டாவில் ஒரு பையனோ பெண்ணோ எங்காவது வெளியூருக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்று சொன்னால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி: "உனக்கு அங்கே யாரைத் தெரியும்?" மதிப்பெண் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கேட்பவர்களைப் பத்தாம்பசலி என்று ஒதுக்க வேண்டாம். ஒரு கலைக் கல்லூரி தன் மாணவருக்குக் கொடுக்கக்கூடியவற்றில் பட்டத்துக்கு அடுத்த பெரிய சொத்து எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டு வாத்தியார், ஓர் ஆறு

கும்பகோணம் கல்லூரி 1854 அக்டோபர் 19 அன்று மாகாணப் பள்ளியாகத் தொடங்கியது. 1867-இல் கல்லூரியாக உயர்ந்தது. 1877-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1881-இல் பள்ளி வகுப்புகளை எடுத்துவிட்டு முழுக் கல்லூரி ஆனது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு வந்த டபிள்யூ.ஏ.போர்ட்டரும், அவரோடு உழைத்துப் பின்னர் முதல்வரான ராவ் பகதூர் டி.கோபாலராவும் அதை வளர்த்தார்கள். 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்ற பெயர் அவர்கள் காலத்துச் சம்பாத்தியம். ஊரில் போர்ட்டர் பெயரில் டவுன் ஹாலும் கோபாலராவ் பெயரில் நூலகமும் உண்டு. கவர்னர்களின் பெயரும் கலெக்டர்களின் பெயரும் வைக்கும் காலத்தில், இரண்டு வாத்தியார்களின் பெயரை ஊர் வைத்துக்கொண்டது.

ராமானுஜன் படித்த காலத்தில்கூட ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். கல்லூரி ஆற்றங்கரையில், ஊர் அக்கரையில். பாலம் வராத காலத்தில் கோடையில் மணலில் நடந்து கடப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் படகு. ஒரே படகில் வாத்தியாரும் மாணவரும் போகிற அளவுக்குச் சின்ன இடம் என்றால், யார் எதில் கெட்டிக்காரன், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் தெரியாமல் போகாது. சிறிய கல்லூரியின் பலம் இது. அமெரிக்காவில் இத்தகைய சிறு கலைக் கல்லூரிகள் பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கும் சரக்கும் இதேதான்: வாத்தியாருக்கு உன் பெயர் தெரியும், உனக்கு முன்னால் படித்தவருக்கும் தெரியும்.

அந்தப் படகுகளில் வந்தவர்களைப் பாருங்கள். வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி, முதலில் பள்ளிக்கூட ஆசிரியர். பின்னர் கோகலேக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்ட். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். வக்கீலும் நிர்வாகியுமான பி.எஸ்.சிவசாமி ஐயர் சில காலம் இங்கே படித்தார். திருவிடைமருதூர் வி.கிருஷ்ணசாமி ஐயர், 1907-இல் இந்தியன் வங்கி உருவாக முன்னின்றவர். அதே ஆண்டு, அரசியலில் தமக்கு நேர் எதிர் முகாமில் இருந்த பாரதியின் பாட்டுகளைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவரும் அவரே. கட்சி வேறு, தரம் வேறு என்று பிரித்துப் பார்த்து, இன்னொருவருக்காகப் போய் நிற்கும் பழக்கம் இந்தக் கல்லூரிக்காரர்களிடம் இருந்தது.

பெயிலானவனைத் தூக்கிச் சுமந்தவர்கள்

1904-இல் டவுன் ஹைஸ்கூலிலிருந்து உதவித்தொகையோடு இந்தக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். அவருக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்த ஜி.எஸ்.கார் எழுதிய கணிதச் சுருக்க நூல், அதற்கு முன்பே இந்தக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் மூலம் அவர் கைக்கு வந்திருந்தது. தேற்றங்கள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. பையன் தானே நிரூபிக்க உட்கார்ந்தான். ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, உடலியல் எல்லாம் காற்றில் போயின. உதவித்தொகை நின்றது.

அப்பா சேலைக் கடைக் கணக்குப்பிள்ளை. மாதச் சம்பளம் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் முதல்வரைப் போய்ப் பார்த்து முறையிட்டார். விதி விதிதான் என்று பதில் வந்தது. 1905-இல் ராமானுஜன் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கிருந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. பட்டம் என்ற கதவு நிரந்தரமாக மூடிக்கொண்டது.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். கல்லூரியைத் திட்டுவதற்கும் இந்தக் கதையை எல்லோரும் எடுப்பார்கள். அடுத்த பாகம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1910-இல் வேலை கேட்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், இந்தப் பையனை ரெவின்யூ ஆபீசில் கிளார்க் ஆக்கிக் கெடுக்க மாட்டேன் என்று சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் யாரிடம்? பி.வி.சேஷு ஐயரிடம். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குக் கணிதம் நடத்திய அதே பேராசிரியர்; அதற்குள் மாநிலக் கல்லூரிக்கு மாறியிருந்தார். பெயிலான மாணவனை அவர் மறக்கவில்லை. நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர்.ராமச்சந்திர ராவுக்குச் சொல்லி அனுப்பினார். ராவ் முதலில் நம்பவில்லை. கும்பகோணத்துப் பழைய நண்பர் ஒருவர் திரும்பத் திரும்ப அழைத்துப் போய் நிறுத்தினார். கடைசியில் ராவ் மாதம் 25 ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

இடையில் சென்னையில் தங்க இடம்? ஊரில் ராமானுஜனிடம் டியூஷன் படித்த ஒரு மாணவன் அப்போது மாநிலக் கல்லூரியில் சேர்ந்து விக்டோரியா ஹாஸ்டலில் இருந்தான். அவன் அறைதான் தங்குமிடம். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. வாங்குபவருக்குப் பட்டம் கிடையாது. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் (எஃப்.ஆர்.எஸ்.). 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மரணம்.

1927-இல் கேம்பிரிட்ஜ் அச்சகம் வெளியிட்ட ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்புக்குப் பதிப்பாசிரியர்கள் மூன்று பேர்: ஹார்டி, சேஷு ஐயர், பி.எம்.வில்சன். உதவித்தொகை போன கல்லூரியில் பாடம் எடுத்தவரின் பெயர் அட்டையில் இருக்கிறது. கல்லூரி அலுவலகம் கைவிட்டது. கல்லூரியைச் சுற்றி உருவான மனிதர்கள் கைவிடவில்லை. 'முன்னாள் மாணவர் சமூகம்' என்று இன்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் நடைமுறையில் இவ்வளவுதான்: ஒரு பாய், ஒரு அறிமுகம், இரண்டாவது முறையும் கூட்டிக்கொண்டு போகிற பிடிவாதம்.

இலக்கியத்திலும் இதே கதை நடந்தது. கு.ப.ராஜகோபாலன், ந.பிச்சமூர்த்தி இருவரும் கும்பகோணத்தில் பிறந்து இங்கே பி.ஏ. படித்தவர்கள், 'கும்பகோணம் இரட்டையர்' என்றே பெயர். ஒரு தலைமுறை தள்ளி தி.ஜானகிராமனும் எம்.வி.வெங்கட்ராமும் இதே கல்லூரியில் நண்பர்கள் ஆனார்கள். கு.ப.ரா. கும்பகோணத்தில் இருந்த நாட்களில் இந்த இளைஞர்களும் கரிச்சான் குஞ்சுவும் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள். தங்கள் கதைகளைக் காட்டினார்கள், திட்டு வாங்கினார்கள். கு.ப.ரா. 1944-இல் போய்விட்டார். ஜானகிராமன் 1979-இலும் எம்.வி.வி. 1993-இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். எந்த வகுப்பறையிலும் சொல்லிக்கொடுக்காத பாடத்தை மூத்த மாணவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

படகில் இடம் கிடைக்காதவர்கள்

இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மேலே வந்த பெயர்களை மறுபடி படித்தால் பெரும்பாலும் ஐயர், சாஸ்திரி, ராவ் என்றே வரிசையாக இருக்கும். 'அங்கே யாரைத் தெரியும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவர்கள் அன்று அக்ரகாரத்தில்தான் இருந்தார்கள். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று போகிற ஏற்பாட்டின் குணமே அது. உள்ளே இருப்பவருக்குக் கை கொடுக்கும். வெளியே நிற்பவரைக் கண்ணில் பார்க்காது. வண்டல் மண்ணில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வட்டத்தில் ஒருவரையும் தெரியாது.

அதை உடைக்க ஓர் அரசியல் தேவைப்பட்டது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிவைத்த சத்திரங்களுக்குப் பெரும் நிலச்சொத்து இருந்தது. இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரத்தில் சாப்பாட்டோடு படிப்பும் உண்டு. காலப்போக்கில் இந்தச் சத்திரங்களின் நிர்வாகம் ஜில்லா போர்டுக்கு வந்தது. 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் ஏ.டி.பன்னீர்செல்வம். சத்திர வருமானம் ஏன் ஒரு சாராருக்கே போகவேண்டும் என்று கேட்டார். திருவையாற்று சமஸ்கிருதக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பு வந்தது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதிகள் வந்தன. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார் இந்த முயற்சிகளில் அவருக்குத் துணை. 1940 மார்ச்சில் லண்டனுக்குப் பறந்த விமானம் ஓமன் வளைகுடாவில் காணாமல் போனபோது பன்னீர்செல்வமும் அதோடு போனார். அவர் திறந்துவிட்ட வழியில் வந்த புலவர்கள் டெல்டாவின் உயர்நிலைப் பள்ளிகள் பூராவும் தமிழ் ஐயாக்களாக உட்கார்ந்தார்கள்.

சுதந்திரத்தை ஒட்டிக் கல்லூரிகளும் பரவின. 1946-இல் தருமபுரம் ஆதீனத்தின் கல்லூரி. 1955-இல் மன்னம்பந்தல் ஏ.வி.சி., அதே ஆண்டு தஞ்சை மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி. 1956-இல் பூண்டியில் வாண்டையார் குடும்பத்தின் ஸ்ரீ புஷ்பம் கல்லூரி. 1966-இல் பெண்களுக்கென்று தஞ்சையில் குந்தவை நாச்சியார் அரசுக் கல்லூரி. பூண்டிக் கல்லூரியைப் பல்லாண்டு நடத்திய துளசி அய்யா வாண்டையார் நன்கொடை வாங்க மாட்டேன் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். 2021-இல் அவர் மறைந்தபோது டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் தங்கள் வீட்டுத் துக்கம்போல் பேசிக்கொண்டார்கள். நெல் வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு கிராமத்துக் கல்லூரியால் குடும்பத்தின் முதல் பட்டதாரி உருவான வீடுகள் அவை.

விதைநெல்லும் அட்மிஷனும் ஒரே மாதத்தில்

இன்றைய மாணவரைப் பார்ப்போம். அரசுக் கலைக் கல்லூரிகளில் சேர இணையம் வழியாக விண்ணப்பிக்கும் காலமும், கவுன்சலிங்கும், வகுப்பு தொடங்குவதும் மே, ஜூன், ஜூலையில் வரும். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள். குறுவைக்கு விதைநெல், உழவு, நாற்றங்கால் என்று வீட்டில் இருக்கும் காசெல்லாம் வயலுக்குப் போகும் நேரம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தக் காசும் கிடையாது. நவம்பரில் செமஸ்டர் தேர்வு. வெளியே வடகிழக்குப் பருவமழை, ஊர்ச் சாலையில் தண்ணீர். கல்லூரி நாட்காட்டியும் டெல்டாவின் நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டே போகும்.

அரசு இதில் நிறையச் செய்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். வேலைத் திறனுக்கு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை 2010-இலிருந்து சட்டமாகவே இருக்கிறது. கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது.

ஆயிரம் ரூபாய் மாணவியின் கணக்கில் விழுகிறது. செல்போன் ரீசார்ஜும் தேர்வுக் கட்டணமும் தாளும் அதில் ஓடிவிடும். அதற்கு மேல் தேவைப்படும் ஒன்றை எந்த வங்கிக் கணக்கிலும் போட முடியாது.

இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க 'ஜாம்' என்று ஒரு தேர்வு உண்டு. அதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை, பி.எஸ்சி. போதும். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். தேர்வு பிப்ரவரியில். பிப்ரவரி மாதம் அவன் எங்கே இருப்பான்? சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்த நெல்லுக்கு அப்பாவோடு மாறி மாறிக் காவல் இருப்பான். மழை தூறினால் தார்ப்பாய் இழுத்து மூடவேண்டும். இப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்று செப்டம்பரிலேயே சொல்ல ஒருவர் இருந்திருந்தால், பிப்ரவரியில் இரண்டு நாள் அவனை விடுவித்து அனுப்ப வீட்டிலும் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை.

தூரத்து ஐ.ஐ.டி.யை விடுங்கள். டெல்டாவுக்குள்ளேயே என்னென்ன இருக்கின்றன! திருவாரூர் நீலக்குடியில் 2009-இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகம். பொது நுழைவுத் தேர்வு எழுதினால் சேரலாம். அந்தத் தேர்வுக்குத் தயாராகி வருகிறவர்களில் பலர் வெளி மாநிலத்தார், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேம்பஸ் மதிலை பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம். தாவரவியல் படிப்பவருக்கு அதைவிட நல்ல திறந்தவெளி வகுப்பறை கிடையாது. தஞ்சையில் 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், சுவடிகள் குவிந்திருக்கும் சரஸ்வதி மகால் நூலகம், உணவுத் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனம். வரலாறு படிக்கும் பெண், பழைய மராட்டிய எழுத்து வடிவமான மோடியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அவளுக்காக மராட்டிய ஆவணக் கட்டுகள் காத்திருக்கின்றன. இவையெல்லாம் ஒரு மணி நேர பஸ் தூரம். 'போய் இன்னாரைப் பார், நான் சொன்னேன் என்று சொல்' என்கிற ஒரு வாக்கியம் இடையில் விட்டுப்போயிருக்கிறது.

அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய ஆசிரியர்களின் நிலையும் சரியில்லை. மாநிலம் முழுவதும் அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் பெரிய அளவில் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வகுப்புகள் ஓடுகின்றன. தன் வேலையே அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத ஒருவர், மாணவருக்காக இன்னொரு நிறுவனத்தின் கதவை எந்தத் தைரியத்தில் தட்டுவார்? சிறிய கல்லூரி இன்று காலை, மாலை என்று இரண்டு ஷிப்டுகளாகப் பெருத்தும்விட்டது. தியாகராச செட்டியாரும் சேஷு ஐயரும் செய்த வேலைக்கு இன்று பொறுப்பேற்க ஆள் வேண்டுமென்றால், அது முன்னாள் மாணவர்களாகத்தான் இருக்க முடியும்.

சங்கம் எதற்கு?

உலகின் மிகப் பழைய முன்னாள் மாணவர் சங்கம் என்று சொல்லிக்கொள்வது அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரிச் சங்கம். 1821-இல் அந்தக் கல்லூரியின் தலைவரே மாணவர்களில் ஒரு பகுதியை அழைத்துக்கொண்டு ஆம்ஹர்ஸ்ட்டில் புதுக் கல்லூரி தொடங்கப் போய்விட்டார். பழைய கல்லூரி மூடப்பட்டுவிடும் என்ற நிலை. அதைக் காப்பாற்றப் பழைய மாணவர்கள் கூடினார்கள். சங்கம் பிறந்தது இப்படி. விருந்து, புகைப்படமெல்லாம் பின்னால் வந்தவை.

நமக்குப் பக்கத்திலும் சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரி 1855-இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களும் ஊர்க்காரர்களும் விடாமல் கேட்டதன் விளைவாக 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. கும்பகோணத்தில் வக்கீலாக இருந்த தாமோதரம் பிள்ளை அந்த வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்தான்.

நம் கல்லூரிகளில் இன்று சங்கங்களுக்குக் குறைவில்லை. நாக் குழு தரம் பார்க்க வரும்போது முன்னாள் மாணவர் பங்களிப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதால், சங்கத்தைப் பதிவு செய்யாத கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேட்ச் வாரியாக வாட்ஸ்அப் குழு. மே மாதத்திலோ பொங்கல் விடுமுறையிலோ ஒரு சந்திப்பு. ஓய்வுபெற்ற பேராசிரியருக்குப் பொன்னாடை, வாழையிலைச் சாப்பாடு, பழைய வகுப்பறையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம். கொஞ்சம் வசதியான பேட்ச் என்றால் ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரம், நுழைவாயில் வளைவு, ஸ்மார்ட் போர்டு. தவறு சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் இயந்திரம் தேவைதான். ஆனால் அந்தச் சந்திப்புக்கு வந்தவர்களில் தாசில்தார் இருப்பார், வங்கி மேலாளர் இருப்பார், சிங்கப்பூரில் கப்பல் கம்பெனியில் இருப்பவர் இருப்பார், பெங்களூரில் மென்பொருள் குழுவை நடத்துபவர் இருப்பார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர்கள் காரில் ஏறும்போது, பந்தி பரிமாறிய மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் யாராவது தம் போன் நம்பரைக் கொடுத்தார்களா?

"தம்பி, மேலே என்ன பண்ணப் போறே?"

"தெரியலண்ணே. குரூப் ஃபோர் எழுதலாம்னு இருக்கேன்."

"எழுது, எழுது. நல்லா படி."

டெல்டாவில் நடக்கும் பெரும்பாலான சந்திப்புகளில் உரையாடல் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. அண்ணன் அன்பானவர்தான். தம்பிக்கு அதற்கு மேல் கேட்கக் கூச்சம். அண்ணனுக்கு அதற்கு மேல் சொல்ல நேரமில்லை. சேஷு ஐயர் 'நல்லா படி' என்று சொல்லி அனுப்பியிருந்தால் ராமானுஜன் ஊருக்குத் திரும்பியிருப்பார்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவர் என்று துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் முதல் படி முடிந்தது. செப்டம்பரில் ஒரு நாள், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் என்று பட்டியல் போட்டு, கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து சேர்ந்தே பூர்த்தி செய்யலாம். ஜூன் மாதம் விதைநெல்லுக்கும் ஹாஸ்டல் கட்டணத்துக்கும் இடையில் திண்டாடும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தையில் நெல் விற்றதும் வாங்கிக்கொள்ளும் ஒரு சுழல் நிதி வைக்கலாம். நேர்முகத் தேர்வுக்காகச் சென்னைக்கு முதல்முறை போகும் பெண்ணுக்கு, திருவல்லிக்கேணி மேன்சன் உதவாது. மூத்த மாணவி ஒருவர் வீட்டில் இரண்டு இரவு தங்க இடம் வேண்டும். அப்படி இடம் கொடுக்கத் தயாராக இருக்கும் பத்து வீடுகளின் பட்டியல், ஸ்மார்ட் போர்டைவிட அதிகப் பெண்களை வேலையில் உட்கார வைக்கும்.

இந்த வட்டத்தை அந்தக் காலத்துப் படகு போல ஒரு தெருக்காரர்களோடு முடித்துக்கொள்ளவும் கூடாது. தெரிந்தவர் பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிடுவது சுலபம். பன்னீர்செல்வம் சத்திர வருமானத்தில் செய்ததை, சங்கங்கள் தங்கள் செல்வாக்கில் செய்ய வேண்டும். யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு முதலிடம் என்று எழுதிவைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சாதிச் சங்கம் பார்த்துக்கொள்ளும், கட்சிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று பிள்ளைகளை அங்கே தள்ளிவிட்டால், கல்லூரி என்று ஒன்று எதற்கு?

கடைசியாக, உறுப்பினர் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல சங்கங்களின் படிவத்தில் 'பட்டம் பெற்ற ஆண்டு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப முடியாதவர்கள் ஏராளம். அப்பா இறந்ததால் இரண்டாம் ஆண்டோடு நின்றவர், கல்யாணம் முடிந்ததால் வராமல் போன பெண், அரியர் சேர்ந்து கடைசிவரை எழுதி முடிக்காதவர். கல்லூரி தன் பெருமை என்று சொல்லிக்கொள்ளும் ராமானுஜனும் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருப்பார். சங்கத்துக்குச் சந்தா தருவதற்குப் பட்டம் பெற்றவர்கள் போதும். ஆனால் சங்கம் யாருக்குத் தேவை என்று கேட்டால், அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதவர்களுக்குத்தான். அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் முதல் தீர்மானமாக அந்தக் கட்டத்தை 'படித்த ஆண்டுகள்' என்று மாற்றி எழுதுங்கள். பிறகு, நின்றுபோனவர்களுக்கு ஆளுக்கு ஒரு போன் போடுங்கள்.